தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுல "பார்த்துக்கோ" மட்டும் போதாது



வழக்கமா நாங்க இங்க பூஜை நேரம், அன்னதான உபயம், ஞாயித்துக்கிழமை துப்புரவுப் பணி பத்திதான் எழுதுவோம். இன்னைக்கு வேற விஷயம். கொஞ்சம் நீளமாவும் இருக்கும், பொறுத்துக்குங்க. உங்க வீட்டுல தவழ ஆரம்பிச்ச பிள்ளை இருந்தா, இல்ல பேரப்பிள்ளை வாரக் கடைசியில வந்து தங்கிட்டுப் போனா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

எங்க பேரனுக்கு இப்ப எட்டு மாசம். ஆறு மாசம் வரைக்கும் பாயில போட்டா போட்ட இடத்துலயே கிடந்தான். அப்புறம் உருண்டான், பின்னாடியே நகர்ந்தான், ஒருநாள் திடீர்னு முன்னாடி தவழ ஆரம்பிச்சிட்டான். வீடே கைதட்டிச்சு. வீடியோ எடுத்து எல்லா சொந்தக்காரங்களுக்கும் அனுப்பினோம். பிள்ளை நகர ஆரம்பிச்சா வீடும் மாறணும்னு அன்னைக்கு எங்க யாருக்கும் தோணல.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கோயிலுக்குக் கிளம்புற அவசரம். மருமக குளிக்கப் போயிருக்கா. நாங்க ரெண்டு பேரும் ஹால்லதான் இருக்கோம். ஒருத்தர் பூ கட்டிக்கிட்டு, இன்னொருத்தர் ஃபோன்ல கோயில் குரூப்புல வந்த செய்திக்குப் பதில் போட்டுக்கிட்டு. பிள்ளை சத்தமே இல்ல. திரும்பிப் பார்த்தா சாமி மேடைக்கு முன்னாடி உட்கார்ந்து, தீபாவளிக்கு வாங்கின எல்இடி அகல்விளக்கை வாயில வச்சிக்கிட்டு இருக்கான். விளக்கை வாங்கிப் பார்த்தோம். அடி மூடி இல்ல. உள்ள இருக்க வேண்டிய வட்ட பேட்டரியும் இல்ல.

அடுத்த பத்து நிமிஷம் எப்படிப் போச்சுன்னு எங்களுக்கே தெரியாது. ஒருத்தர் காரை வெளிய எடுக்க ஓட, மருமக ஈரத் தலையோட வந்து தரையில படுத்துத் தேட, கடைசியில சோபாவுக்கு அடியில அந்தப் பேட்டரி கிடைச்சது. முருகன் புண்ணியம். கிடைக்காம இருந்திருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்திருக்கணும்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நாங்க வெட்கத்தோட எழுதுறோம். பேட்டரி கிடைச்ச அடுத்த நிமிஷம் எங்க வாயில வந்த முதல் வார்த்தை, "பிள்ளையைப் பார்த்துக்காம எங்கம்மா போன?" குளிக்கப் போனவளைக் கேட்கிறோம். பக்கத்துல உட்கார்ந்திருந்தது நாங்க. அதுவும் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே அவ கேட்டிருந்தா: "மாமா, சாமி மேடையைக் கொஞ்சம் மேல ஏத்திரலாமா? பிள்ளை கைக்கு எட்டுது." நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? "இருபது வருஷத்துக்கு மேல அங்கதாம்மா இருக்கு. சாமி இருக்கிற இடத்துல பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீ பார்த்துக்கோ, போதும்."

இந்த "பார்த்துக்கோ"ங்கிற வார்த்தையைப் பத்திதான் எங்க கருத்தைச் சொல்ல வந்தோம்.

முப்பது வருஷமா பாக்டரி வேலை. இப்ப ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். அந்தக் காலத்துல ஒரு ஆளு மெஷின்ல விரலைக் கொடுத்துட்டா, முதல் கேள்வி "ஏன் கவனமா இல்ல?"ன்னு இருக்கும். அந்த ஆளுக்கு ஒரு வார்னிங் லெட்டர், சுவத்துல "கவனம்"னு ஒரு போஸ்டர், அவ்வளவுதான். அடுத்த மாசம் அதே மெஷின்ல இன்னொரு விரல். இப்ப அப்படி இல்ல. 1994-ல தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 2008-ல அபாயத்தைக் கண்டுபிடிச்சுக் கட்டுப்படுத்துறதுக்கு அரசாங்கம் ஹிராக் வழிகாட்டி போட்டுச்சு. பாக்டரியில வேலை செய்யிறவங்களுக்கு ஹிராக் பாரம் நல்லாத் தெரியும். அதுல முறை என்னன்னா, முதல்ல அபாயத்தையே எடுத்துடு. முடியலைன்னா ஆபத்துக் குறைஞ்ச வேற பொருளா மாத்து. அதுவும் முடியலைன்னா மறைப்பு போடு. இதெல்லாம் செஞ்ச பிறகுதான் ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது, எச்சரிக்கிறது. "கவனமா இரு"ங்கிறது அந்த வரிசையில ரொம்பக் கீழ இருக்கு. ஏன்னா மனுஷன் களைச்சுப் போவான், ஃபோன் வரும், அடுப்புல பால் பொங்கும். கவனம் ஒரு நிமிஷம் தவறத்தான் செய்யும். அந்த ஒரு நிமிஷத்துல விரல் போகாம இருக்கத்தான் மெஷினுக்கு மறைப்பு.

பாக்டரியில இதை மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற நாங்க, வீட்டுக்கு வந்ததும் ஒரு தாய் தலையில "பார்த்துக்கோ"ன்னு போஸ்டர் ஒட்டிட்டு உட்கார்ந்திருக்கோம். ராத்திரி மூணு தடவை எழுந்து பால் கொடுத்த பொண்ணு அவ. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிச்ச ஆளை நாங்க மெஷின் பக்கம் விட மாட்டோம். அவளுக்கு ஷிப்டே முடியறதில்ல.

இதைச் சொன்னா பெரியவங்க ரெண்டு பதில் சொல்றாங்க. நாங்களே சொன்ன பதில்தான், அதனால யாரையும் குறை சொல்லல.

முதல் பதில்: "நாங்க எல்லாம் இப்படியா வளர்ந்தோம்? தோட்டத்துல எந்தப் பூட்டு, எந்தக் கேட்டு?" உண்மைதான். ஆனா தோட்டத்து லயத்து வீட்டுல என்ன இருந்துச்சு? ஒரு பாய், ஒரு பெட்டி, ஒரு அடுப்பு. வட்டப் பேட்டரி கிடையாது, பெரிய டிவி கிடையாது, தரை முழுக்க வயர் கிடையாது. அம்மா பால்மரத்துக்குப் போனா பிள்ளையைத் தனியா விடல, ஆயாக் கொட்டகையில விட்டாங்க. பிள்ளையைப் பார்க்கிறதே வேலையா ஒரு ஆயா இருந்தாங்க. இன்னைக்கு பிளாட்டுல ஒரே ஒரு பொண்ணு, சமையல், துணி, பிள்ளை எல்லாம் தனியா. இன்னொண்ணும் சொல்லணும். அடுப்புல விழுந்த பிள்ளை, கிணத்துல விழுந்த பிள்ளைன்னு நம்ம பாட்டிமார் சொன்ன கதைகளும் இருக்கு. நல்லா வளர்ந்தவங்கதான் இன்னைக்கு "நாங்க வளரலையா"ன்னு கேட்கிறோம். வளர முடியாமப் போன பிள்ளைங்க வந்து பேசப் போறதில்ல.

ரெண்டாவது பதில்: "தொட்டுப் பார்த்தாத்தான் பிள்ளை கத்துக்கும்." இதை நாங்க முழுசா ஒத்துக்கிறோம். இந்த வயசுப் பிள்ளைக்கு வாய்தான் கண்ணு. எதைக் கண்டாலும் வாயில வைக்கும், இழுக்கும், தட்டும். அது குறும்பு இல்ல, அதுதான் அதோட படிப்பு. அதனாலதான் பிள்ளையைக் கட்டிப் போடச் சொல்லல, ஆபத்தை எடுக்கச் சொல்றோம். வீட்டை ஒழுங்கா வச்சா நாள் பூரா "தொடாதே, தொடாதே"ன்னு கத்த வேண்டியதில்ல. எங்க வீட்டுல கீழ் அலமாரி ஒண்ணை அவனுக்கே விட்டுட்டோம். டப்பர்வேர் டப்பா, மரக்கரண்டி, பழைய சில்வர் தட்டு. தட்டிக்கிட்டே இருக்கான். காது வலிக்குது, மனசு நிம்மதியா இருக்கு.

அதே காரணத்துக்காகத்தான் சக்கரம் வச்ச வாக்கர் வேண்டாம்னு சொல்றோம். நடை சீக்கிரம் வரும்னு நினைச்சு வாங்கித் தர்றோம். ஆனா வாக்கர்ல உட்கார்ந்த பிள்ளை ஒரு செகண்டுல ஒரு மீட்டர் போயிடும், படியில உருளும், மேசை மேல இருக்கிற சூடான குவளைக்கும் கை எட்டும். கனடா நாட்டுல 2004-லயே விற்பனைக்குத் தடை போட்டுட்டாங்க. காது குத்துக்கு என்ன பரிசு வாங்கலாம்னு கேட்கிறவங்களுக்கு: வாக்கர் வேண்டாம், ஒரு படிக்கேட்டு வாங்கிக் கொடுங்க.

எங்க வீட்டுல பாக்டரி மாதிரியே ஒரு ரவுண்டு அடிச்சோம். எப்படின்னா, முட்டி போட்டுத் தவழ்ந்து. ஐம்பது வயசுக்கு மேல முழங்கால் வலிக்கும், பரவாயில்ல. நிக்கிறப்ப தெரியாத எல்லாம் அப்பத்தான் தெரிஞ்சது. கண்டுபிடிச்சதைச் சொல்றோம்.

சாமி மேடை. எங்களுது முழங்கால் உயரம். எல்இடி விளக்கு பேட்டரியைப் பத்திச் சொல்லணும். சிஆர்2032-ங்கிற வகை கிட்டத்தட்ட நம்ம 20 சென் காசு அளவு. பிள்ளை முழுங்கினா உணவுக்குழாய்ல சிக்கிக்கும். அங்க இருக்கிற ஈரத்துல கரண்டு ஓடி காரம் உண்டாகி, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே சதையை அரிச்சிடும். விளக்கு எரியாத பழைய பேட்டரியும் அதே வேலையைச் செய்யும். சில பிள்ளைங்க அழக்கூட மாட்டாங்க, கொஞ்சம் இருமும், எச்சில் ஒழுகும், சாப்பிடாது, அவ்வளவுதான். விளக்கு வாங்குறப்ப அடி மூடி ஸ்க்ரூ போட்டதான்னு பாருங்க. நகத்தால தள்ளினா திறக்கிறதை, பிள்ளை இருக்கிற வீட்டுல வைக்காதீங்க. ரிமோட், எடை பார்க்கிற தராசு, பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டை, இதுலயும் இந்த மாதிரி வட்ட பேட்டரி இருக்கலாம்.

கற்பூரம். வெள்ளை மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் உள்ள போனாலே வலிப்பு வரும், அதுவும் சில நிமிஷத்துல. டப்பாவை மூடி மேல வைங்க. விளக்கெண்ணெய், தீப்பெட்டி, ஊதுபத்தி எல்லாமே மேலதான். தரையில நிக்கிற குத்துவிளக்கைப் பிடிச்சுத்தான் பிள்ளை எழுந்து நிக்கப் பார்க்கும்.

அந்துருண்டை. துணி அலமாரியில போடுற நாப்தலீன் உருண்டை. நம்ம நாட்டுல பிறந்த பிள்ளைக்கு ஜி6பிடி டெஸ்ட் எடுப்பாங்க. அது குறைவா இருக்கிற பிள்ளைக்கு இந்த உருண்டையால ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரும். முழுங்கணும்னு இல்ல, உருண்டை போட்டு வச்ச துணியைப் போட்டுவிட்டாலே ஆபத்து. உங்க பேரப்பிள்ளைக்கு அந்த டெஸ்ட்ல என்ன வந்துச்சுன்னு தாத்தா பாட்டிக்கும் தெரிஞ்சிருக்கணும்.

தண்ணி. பாத்ரூம் வாளியில நாலு விரல் தண்ணி போதும். பிள்ளைக்குத் தலைதான் கனம், குப்புற விழுந்தா எழுந்திருக்கத் தெரியாது. சத்தமும் வராது. வாளியைக் கவிழ்த்து வைங்க, கதவைச் சாத்துங்க.

சூடு. தெர்மோஸ், தே தாரேக் குவளை, ரைஸ் குக்கர் வயர். 60 டிகிரி தண்ணி அஞ்சு செகண்டுல பெரியவங்க தோலையே புண்ணாக்கிடும். பிள்ளை தோல் அதைவிட மெல்லிசு. மேசை விரிப்பை எடுத்துடுங்க, விரிப்பை இழுத்தா மேல இருக்கிறது எல்லாம் பிள்ளை தலையில. பிள்ளையை மடியில வச்சிக்கிட்டு சூடா குடிக்காதீங்க.

கரண்டு. நம்ம நாட்டு சுவர் பிளக்குல உள்ளேயே மூடி இருக்கு, மேல் துளையில முள் போனாத்தான் மத்த ரெண்டும் திறக்கும். அதனால கடையில விக்கிற பிளாஸ்டிக் மூடி தேவையில்ல. சரியா பொருந்தாத மூடி அந்த உள்மூடியையே திறந்து வச்சிடலாம். இங்கிலாந்துல 2016-ல அந்த மாதிரி மூடிங்களை எடுத்துடச் சொல்லி மருத்துவமனைகளுக்கு அறிவிப்பு வந்திருக்கு. நாம பார்க்க வேண்டியது தரையில கிடக்கிற எக்ஸ்டென்ஷன் வயரை. சிரிம் முத்திரை இல்லாத மலிவு சாமானைத் தூக்கிப் போடுங்க.

சாயிற சாமான். டிவி, இழுப்பறை அலமாரி. இழுப்பறையைத் திறந்து படி மாதிரி ஏறப் பார்க்கும். சுவத்தோட சேர்த்து ஸ்க்ரூ போடுங்க.

மினரல் வாட்டர் போத்தல்ல தின்னர், பிளீச், மண்ணெண்ணெய் ஊத்தி வைக்கிற பழக்கம். பெரியவங்களே தண்ணின்னு நினைச்சுக் குடிச்சிடுவாங்க. இன்னைக்கே நிறுத்துங்க.

கார். வீட்டு முன்னாடி ரிவர்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி, பிள்ளை யார் கையில இருக்குன்னு கண்ணால பார்த்துட்டு எடுங்க. "உள்ளதான் இருக்கும்"னு நினைக்கிறது பார்க்கிறது ஆகாது.

சாரோங் தொட்டில். ஸ்பிரிங் போட்டு ஆட்டுறது நம்ம எல்லார் வீட்டுலயும் உண்டு. பிள்ளை தானா எழுந்து உட்கார ஆரம்பிச்சா அதோட காலம் முடிஞ்சது.

இதுக்கெல்லாம் எங்களுக்கு ஆன செலவு 140 வெள்ளிக்குள்ள. பாதி வேலை காசே இல்லாம முடிஞ்சது, சாமானை மேல ஏத்தினதுதான்.

சாமி மேடைக்கு வருவோம். நாங்க தயங்கினது அதுக்குத்தான். நம்ம கோயில் குருக்கள் ஐயாகிட்ட போய்க் கேட்டோம். அவர் சிரிச்சிட்டு, "சாமியை உயரத்துல வைக்கிறதுல என்னங்க குறை? திசை மாறாம பார்த்துக்குங்க, நல்ல நாள்ல ஏத்துங்க"ன்னு சொன்னார். ஒரு வளர்பிறை நாள்ல நெஞ்சு உயரத்துக்குப் பலகை அடிச்சு ஏத்தியாச்சு. மருமக விளக்கேத்தினா. "அன்னைக்கு உன்னைக் கேட்டது தப்பும்மா"ன்னு அவகிட்ட சொன்னோம். இருபது வருஷம் கழிச்சு இடம் மாறினதுல சாமிக்குக் கோபம் வந்த மாதிரி தெரியல. எங்களுக்குத்தான் குனியாம கும்பிட முடியுது.

சாமி பார்த்துக்கும்ங்கிற நம்பிக்கை எங்களுக்கும் உண்டு. ஆனா சாமி கொடுத்த புத்தியைப் பயன்படுத்தாம, சாமி மேல பாரத்தைப் போடுறது பக்தி இல்ல, சோம்பல். இது எங்க கருத்து.

இப்ப நம்ம கோயில். வீட்டைச் சொல்லிட்டு கோயிலைச் சொல்லாம இருந்தா நியாயமில்ல. போன பௌர்ணமி அன்னதானத்துல, ரசப் பானை தூக்கிட்டுப் போன தம்பி காலுக்குள்ள ஒரு பிள்ளை தவழ்ந்து வந்துச்சு. அவன் நின்னுட்டான், ரசம் அவன் கையில கொட்டிச்சு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. பாக்டரியில இதுக்கு நியர் மிஸ்னு பேர். அடி படலைன்னு விட்டுடக் கூடாது, அடி பட்ட மாதிரியே எழுதி வச்சு சரி பண்ணணும். அதனால தொண்டர்கள் நாங்க பேசி, நிர்வாகத்துக்கிட்ட நாலு விஷயம் கேட்டிருக்கோம். ஒண்ணு, சூடான பானை போற வழியைக் கயிறு கட்டிப் பிரிக்கணும். ரெண்டு, மண்டபத்து ஓரத்துல பாய் விரிச்சு, கைப்பிள்ளைக்காரங்களுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கணும், அவங்களுக்கு முதல்ல பரிமாறணும். மூணு, கோலத்துக்குப் பக்கத்துல தரையில வைக்கிற எல்இடி விளக்கு எல்லாம் ஸ்க்ரூ மூடி போட்டதா இருக்கணும். நாலு, கை கழுவுற இடத்துல நிரப்பி வைக்கிற வாளிக்கு மூடி வேணும். உபயக்காரங்க யாராச்சும் இதுக்கு உதவ முன்வந்தா சந்தோஷம்.

பக்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தவங்க பிள்ளை அழகா இருக்குன்னு கல்கண்டு, சுண்டல், நிலக்கடலை, முழுத் திராட்சை வாயில வைக்காதீங்க. டாய்லெட் ரோல் நடுவுல இருக்கிற அட்டைக் குழாய்க்குள்ள நுழையிற எதுவும் அந்தத் தொண்டையை அடைக்கும். பிரசாதத்தை அம்மா கையில கொடுங்க. அவங்களுக்குத் தெரியும்.

அப்படியும் ஏதாச்சும் ஆயிட்டா:

பேட்டரி முழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க.

சுட்டுட்டா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பற்பசை, கிச்சாப், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம்.

ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்குத் தொண்டை அடைச்சு, அழவும் இருமவும் முடியலைன்னா, முன்கையில குப்புறப் போட்டு, தலை தாழ்வா இருக்க, தோள்பட்டைக்கு நடுவுல 5 தட்டு. வரலைன்னா மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவுல 5 அழுத்து. மாத்தி மாத்திச் செய்யணும், கூடவே 999-க்கு ஒருத்தர் கூப்பிடணும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதீங்க, உள்ள தள்ளிடும். படிச்சா மட்டும் கை வராது. செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் மாதிரி அமைப்புங்க முதலுதவி வகுப்பு நடத்துறாங்க. நம்ம மண்டபத்துலயே ஒருநாள் வச்சுத் தரச் சொல்லிக் கேட்கலாம்னு இருக்கோம். வர விருப்பம் உள்ளவங்க கீழ பேர் போடுங்க. முக்கியமா தாத்தா பாட்டிங்க.

மருந்து, கற்பூரம், பிளீச் உள்ள போயிட்டா என்ன செய்யணும்னு கேட்க பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துல புசாட் ராச்சுன் நெகாரா இருக்கு. அதோட நம்பரைத் தேடி இன்னைக்கே ஃபோன்ல போட்டு வைங்க. பிள்ளை சுயநினைவு இல்லாம இருந்தா, வலிப்பு வந்தா யாரையும் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, 999தான்.

கடைசியா வீட்டுப் பெரியவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க மகளோ மருமகளோ "இதைக் கொஞ்சம் மேல வைக்கலாமா"ன்னு கேட்டா, அது உங்களைக் குறை சொல்றதில்ல. அன்னைக்கே எழுந்து எடுத்து வச்சிடுங்க. "பார்த்துக்கோ"ன்னு சொல்றதைவிட அது சுலபம். எங்களுக்கு அது ரெண்டு வாரம் லேட்டா புரிஞ்சது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு தடவை முட்டி போட்டு வீட்டைச் சுத்தி வாங்க. என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கீழ எழுதுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.

எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நல்லா இருக்கணும். முருகா சரணம்.

அன்புடன்,
உங்கள் கோயில் தொண்டர்கள்